மஞ்சள் கழுவிய ஆடுகள்

பழைய முறைப்படி என்றால் இருபத்தொரு நாள் வேண்டும். புதிய முறைப்படி மூன்று நாள் போதும். அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு ஆடுகளுக்குக் கிடைத்திருந்தது நாலு நாள்.

அறுபத்து மூன்று ஆடுகள். வாயோரத்திலும் மூக்கிலும் மடியிலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, கறுத்த பொருக்காகியிருந்தது. அந்தப் பகுதி மிருக வைத்தியர் கணேசமூர்த்தி பார்த்துவிட்டு எங்கள் ஆய்வுகூடத்துக்கு இரண்டு பெயர்களை எழுதி அனுப்பினார். ஒன்று வாய்ச்சிரங்கு. அது மூன்று கிழமையில் தானாக ஆறிப்போகும். மற்றது ஆட்டம்மை. அது என்றால் ஓர் ஆட்டையும் விட்டுவைக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்கப் பண்ணை ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய நானூறு ஆடுகள் அங்கே நின்றன. போதாதற்கு அடுத்த கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆளும் ஆடும் வந்து போகும். ஆகையால் கணேசமூர்த்தி தோட்டத்துத் துரையோடு பேசி ஒரு முடிவு எடுத்தார்: வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் "ஆட்டம்மை இல்லை" என்று ஆய்வுகூடம் சொல்லாவிட்டால், சனிக்கிழமை காலை அறுபத்து மூன்றையும் சுட்டுக் குழியில் போட்டு எரிப்பது. குழியைத் திங்கட்கிழமையே வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இது 1986 ஜூன் மாதம். நான், பெற்றீசியா, அப்போது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மிருக நோய் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். பிறந்தது டயகமத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். படித்தது தலவாக்கலையில். புதிய முறை என் கையில்தான் இருந்தது.

அதை இப்படிச் சொல்லலாம். பழைய முறையில், பொருக்கை அரைத்துக் கோழிமுட்டைக்குள் ஊசியால் ஏற்றி, வைரஸ் வளர்கிறதா என்று காத்திருப்போம். வளராவிட்டால் இன்னொரு முட்டை. புதிய முறையில் எதையும் வளர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வைரசுக்கும் அதற்கே உரிய டி.என்.ஏ. உண்டு, இரண்டு இழையை முறுக்கிய கயிறு மாதிரி. பொருக்கின் சாற்றை ஒரு நைலோன் தாளில் சொட்டுச் சொட்டாக வைத்து, சோடாக்காரக் கரைசலில் நனைத்தால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் பிரியும். அதன்மேல், ஏற்கெனவே தெரிந்த வைரசின் இழைத்துண்டு ஒன்றை விட்டால், தன் சோடியைக் கண்ட இடத்தில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் நாவற்பழ நிறத்தில் பொட்டு விழுகிற மாதிரி அந்தத் துண்டிலேயே ஓர் அடையாளம் கட்டியிருக்கும். வாய்ச்சிரங்குத் துண்டுக்கு ஒரு தாள், ஆட்டம்மைத் துண்டுக்கு ஒரு தாள். எந்தத் தாளில் பொட்டு விழுகிறதோ அதுதான் நோய்.

அந்த இழைத்துண்டுகளை எங்கள் தலைவர் டொக்டர் விமலசூரிய இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போனபோது ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எட்டு மாதமாக நான் அவற்றை வைத்துப் பழகியிருந்தேன். நாற்பத்தொரு தடவை செய்து நாற்பத்தொரு தடவையும் சரியாக வந்தது. ஊரில் பரவியிருக்கிற நோய்க்கு இதுதான் முதல் தடவை. பயந்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் பயப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கி, கணேசமூர்த்தியின் ஜீப்பில் மேற்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. தூறிக்கொண்டிருந்தது. லயத்துக்கு முன்னால் ஆடுகளை வரிசையாகக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். எல்லாம் தொப்பலாக நனைந்து நடுங்கின. பக்கத்தில் போனால் சன்லைட் சவுக்கார வாசம். விருந்தாளி வருவதற்கு வீட்டைக் கழுவுவது போல, டொக்டர்மார் வருகிறார்கள் என்று ஆட்டைக் கழுவியிருக்கிறார்கள் என்று எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஜூன் தூறலில் அந்தக் குளிரில் யாரும் ஆட்டைக் குளிப்பாட்ட மாட்டார்கள் என்பது, இரண்டு மலை தள்ளிப் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஏழு ஆடுகளும் நாகலெட்சுமியுடையவை. கொழுந்து எடுக்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆட்டைக் காட்டுவதற்காக அன்று வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டார். வலது கைச் சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது.

"வாங்க மிஸ். வெள்ளக் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. ஊசி ஆட்டுக்கா, எங்களுக்கா?"

"யாருக்கும் ஊசி இல்லக்கா. பொருக்கக் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போறேன். அவ்வளவுதான்."

என் பேச்சைக் கேட்டதும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நீ எந்தத் தோட்டம்?"

"டயகம."

"அப்படிச் சொல்லு! நா கொழும்புன்னுல்ல நெனச்சேன். யாரு மக?"

"தேயில ஸ்டோருல பெட்டியடிச்ச சூசைரட்ணம் மக."

"வேதக்காரங்களா? சரி, அதனால என்ன, நம்ம புள்ளதான்." பிறகு கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ளையே வந்து ஆட்டச் சாவடிக்கிறதுன்னா எப்படிடி?" என்றார்.

"சாவாம இருக்கத்தான் வந்திருக்கேன்."

"அதோ நிக்கிறாரே, அவரும் போன கெழம அப்படித்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு." கணேசமூர்த்தியைத் தாடையால் காட்டினார். "வந்துட்டுப் போனாரு. குழி வெட்டச் சொல்லிட்டாங்க."

லயத்துக்குக் கீழே, கவாத்து வெட்டிய மலையோரத்தில், நாலு ஆண்கள் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். ஆடுகள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. ஆட்கள்தான் பார்த்தார்கள்.

நான் இடுக்கியையும் போத்தல்களையும் எடுத்து வைத்தேன். நாகலெட்சுமி ஒரு பெட்டைக் குட்டியின் வாயைப் பிடித்துத் தந்தார்.

"இந்த லயம் தொரையோடது. அந்தா கோவா போட்டிருக்கேன் பாரு, அந்த நெலமும் தொரையோடது. இந்த ஏழு மட்டுந்தான் எம் பேருல. பேருன்னா, எழுதி வச்ச பேரு இல்ல. கூப்புட்டா வரும், அந்தப் பேரு. இவ மட்டும் கூப்புடாமலே வருவா."

"வெரல்ல என்னக்கா?"

"தேயிலக் குச்சி கிழிச்சிருச்சு." கை சேலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

படிவத்தில் ஒரு வரி உண்டு: புண்மேல் பூச்சு உண்டா, இல்லையா. கேட்டேன்.

"புண்ணு மேல ஏதாச்சும் பூசினீங்களாக்கா? மருந்து, எண்ணெ, எதாச்சும்?"

அவர் முதலில் கணேசமூர்த்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் பூசல."

அடுத்த கயிற்றில் மரியரட்ணம் நின்றார். எங்களைப் போல வேதக்காரர், கத்தோலிக்கர், கழுத்தில் செபமாலை. "தொடவே இல்ல மிஸ்," என்றார். அவருக்கு அடுத்தவரும் அப்படித்தான். பதினாறு ஆடுகளிலிருந்து பொருக்கு எடுத்தேன். பதினாறு படிவத்திலும் "பூச்சு: இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பரவாயில்லை," என்றார் கணேசமூர்த்தி. "போன கிழமை நான் பேசின பேச்சில திருந்தியிருக்கிறாங்க."

என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன்: ஒவ்வோர் ஆட்டின் பொருக்கையும் இரண்டாகப் பிரித்து, பாதியை வேறு போத்தலில் போட்டு ஐஸில் வைத்தேன். எதையும் ஒரே தடவையில் செலவழிக்காதது என் வழக்கம்.

பின்னேர ரயிலிலேயே திரும்பினேன்.

புதன்கிழமை காலை, பாதிப் பொருக்கை அரைத்து, சாறு எடுத்து, இரண்டு தாளிலும் சொட்டு வைத்தேன். ஒவ்வொரு தாளிலும் பதினாறு ஆட்டுக்குப் பதினாறு சொட்டு. கடைசியில், எங்கள் பண்ணையில் நிற்கிற சுகமான ஆட்டின் தோலிலிருந்து இரண்டு சொட்டு. பத்து நாற்பதுக்குத் தாள்களைச் சோடாக்காரத்தில் இறக்கினேன். எந்த நிறமும் வரக்கூடாத கட்டம் அது. அடையாளம் கட்டிய இழைத்துண்டை இன்னும் வெளியே எடுக்கவேயில்லை.

சொட்டுகள் சிவந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பதினாறும், இரண்டு தாளிலும். சுகமான ஆட்டின் இரண்டு சொட்டு மட்டும் வெள்ளையாகவே நின்றன.

டொக்டர் விமலசூரியவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"இரத்தமா?"

"இரத்தம் இப்படிச் சிவக்காது, சேர். பழுப்பாகும்."

"நோயுள்ளவை எல்லாம் நிறம். சுகமானது வெள்ளை. விசயம் தெரியாதவன் பார்த்தால் சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவான்." தாள்களை மாறி மாறிப் பார்த்தார். "ஆனால் இரண்டு தாளிலும் வந்திருக்கிறது. இதன்மேல் நாவற்பழ நிறம் விழுந்தால் எது அது, எது இது என்று நீயும் சொல்லமாட்டாய், நானும் சொல்லமாட்டேன். இதில் கையெழுத்துப் போட முடியாது பெற்றீசியா. முட்டையில் ஏற்று."

"முட்டைக்கு இருபத்தொரு நாள், சேர்."

"தெரியும்."

"ஆடுகளுக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான்."

"அதுவும் தெரியும்."

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. தெரியாததில் கையெழுத்துப் போடாதவர். அதனால்தான் அவரிடம் வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் போனபின், தாளை எடுத்துக் காரத்தை முறிக்கிற கரைசலில் போட்டேன். சிவப்பு போய் மஞ்சளானது. திரும்பவும் சோடாக்காரத்தில் போட்டேன். திரும்பவும் சிவந்தது. மூன்றாம் தடவை அந்தச் சிவப்பை நான் எங்கே பார்த்தேன் என்று தெரிந்துவிட்டது. 1979இல் என் அண்ணன் கலியாணம். பொண்ணு மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார்கள். ஆரத்தித் தட்டு என் பொறுப்பு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூடக் கரைத்துவிட்டேன். இதே சிவப்புத்தான். சவுக்கார வாசமும், நனைந்து நடுங்கிய ஆடுகளும், "திருந்தியிருக்கிறாங்க" என்ற பேச்சும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பூசியிருக்கிறார்கள். நான் வருவதற்கு முன் கழுவியிருக்கிறார்கள். மேலே இருந்தது போனது, பொருக்குக்குள் இருந்தது போகவில்லை.

பியூன் குணபாலவிடம் வெற்றிலைப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டேன். கன்டீனிலிருந்து ஒரு கரண்டி மஞ்சள் தூள். இரண்டையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்து, சிவந்த தாளின் பக்கத்தில் வைத்து, டொக்டரைத் திரும்பவும் கூப்பிட்டேன்.

"எங்கள் வீட்டுச் சமையலிலும் மஞ்சள் இருக்கிறது," என்றார் அவர். "இதை நான் பார்த்ததேயில்லை."

"உங்கள் கலியாணத்தில் தட்டுச் சுற்றுவதில்லை, சேர்."

அவர் சிரித்தார். பிறகு படிவக் கட்டைக் கையில் எடுத்தார். "மஞ்சள் என்று நீ சொல்கிறாய். இதில் பதினாறு இடத்தில் 'பூச்சு: இல்லை' என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எது உண்மை? ஆட்டுக்காரர் வாயால் சொல்லட்டும். என்ன பூசினார்கள், எப்போது, கூட எதைக் கலந்தார்கள். பினாயிலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் உள்ளே இருப்பதே கெட்டுப்போயிருக்கும். அது தெரியாமல் நான் எதைக் கழுவச் சொல்வது?"

நியாயமான கேள்வி. தோட்டத்து ஒப்பீசுக்கு டிரங்க் கோல் போட்டேன். கிளாக்கரையா எடுத்தார்.

"நாகலெட்சுமியா? பன்னெண்டாம் நம்பர் மலையில நிக்குது. ஆள் அனுப்புறேன், ஒரு மணித்தியாலம் கழிச்சு எடுங்க."

எடுத்தேன். டொக்டர் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஹலோ! ஹலோ! நாகலெட்சுமி பேசுறேன்! எந்தப் பக்கத்தக் காதுல வைக்கிறது?"

"திருப்பிப் புடி, திருப்பிப் புடி," என்று கிளாக்கரையாவின் குரல் தூரத்தில் கேட்டது.

"அக்கா, நான்தான். சூசைரட்ணம் மக."

"ஆமா தங்கச்சி! என்ன, கண்டுபுடிச்சிட்டியா?"

"பாதி கண்டுபுடிச்சிட்டேன். மீதி உங்ககிட்ட இருக்கு. ஆட்டுக்கு மஞ்சப் பூசினீங்களா?"

யாரோ இருமினார்கள்.

"நேத்தே சொன்னேனே. ஒண்ணும் பூசல."

"அக்கா, செவந்து போச்சு."

"என்னது?"

"பொருக்க அரைச்சு, சுண்ணாம்பு மாதிரி ஒரு தண்ணியில போட்டேன். ஆலாத்தித் தட்டு மாதிரி செவந்து போச்சு. பதினாறும்."

அவர் குரலை இறக்கி, "பக்கத்துல ஆளுங்க இருக்காங்க," என்றார்.

"யாரு?"

"கிளாக்கரையா. வேல வாங்குற கண்டாக்கையா. உள்ள தொரை. அந்த மிருக டாக்குட்டரு ஜீப்பும் வாசல்ல நிக்குது. மஞ்சப் பூசி நோவ மறைச்ச ஆட்ட மொதல்ல சுடுவேன்னாரே அவரு, போன கெழம!"

கணேசமூர்த்தி பேசின பேச்சு என்ன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபத்தில் சொல்லியிருப்பார். ஆனால் குழியும் வெட்டுகிறபோது அதைக் கோபத்தில் சொன்னது என்று யார் எடுத்துக்கொள்வார்கள்?

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பூசினேன்னு சொன்னா ஆடு சாவாது. பூசலன்னு சொன்னாத்தான் சாவும். எங்க பெரிய டொக்டர் எம் பக்கத்துல உக்காந்திருக்காரு. திட்டுறதுக்கு இல்ல. என்ன பூசினீங்கன்னு தெரிஞ்சா, அதக் கழுவித் தள்ளிட்டு மறுபடியும் பாக்கலாம். தெரியலன்னா பாக்க முடியாது. அவ்வளவுதான்."

ஒரு மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நான் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"பூசினோம்! நா மட்டுமில்ல, அம்புட்டுப் பேரும் பூசினோம்! அம்மை வந்தா மஞ்சப் பூசாம மையா பூசுவாங்க? மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சு எட்டு நாளாப் பூசினோம். வேப்பெல இங்க ஏது, அட்டன் கடையில வாங்கின காஞ்ச எல! நீங்க வர்ற அன்னிக்கு விடியக்காலையில சவுக்காரம் போட்டுக் கழுவினோம். மரியரட்ணமும் பூசினாரு. அவரு மாதா படத்துக்கு முன்னால வச்சு எடுத்துப் பூசினாரு. எழுதிக்க!"

எழுதிக்கொண்டேன். "வேற ஏதாச்சும்? மண்ணெண்ணெ, பினாயிலு?"

"அதெல்லாம் தொடல. சத்தியமா."

"நல்லதுக்கா."

"இரு, வச்சிராத." குரல் மறுபடியும் இறங்கியது. "இன்னொண்ணும் பொய்தான். அந்த வெரலு, குச்சி கிழிக்கல. குட்டிக்கு வாயத் தெறந்து கஞ்சி ஊத்தினேன்ல, நாலு நாள்ல அதே மாதிரி கொப்புளம். அம்மைன்னு தெரிஞ்சா லயத்துல ஒருத்தரும் பக்கத்துல வரமாட்டாங்க. திருவிழாவுக்குக் கொடி ஏத்த மாட்டாங்க. எல்லாம் என்னாலன்னு ஆயிரும். அதான் துணியச் சுத்திக்கிட்டேன்."

நான் தொலைபேசியின் வாயைக் கையால் மூடி, டொக்டரிடம் விரல் விசயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் புத்தகங்களின்படி ஆட்டம்மை மனிதர் கைக்கு வருவதில்லை. வாய்ச்சிரங்கு வரும், ஆட்டின் வாயைத் தொட்ட விரலில்தான் வரும்.

"நல்ல அறிகுறி," என்றார். "ஆனால் விரலுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். தாளைக் கொண்டுவா."

"அக்கா, அது அம்மையா இருக்காதுன்னுதான் நெனைக்கிறோம். கட்டியே வைங்க, நோண்டாதீங்க. ஆட்டுக்கும் இனி ஒண்ணும் பூசாதீங்க. வெள்ளிக்கெழம சொல்றேன்."

"பொழுது சாயிறதுக்குள்ள சொல்லு தங்கச்சி. குழி முடிஞ்சிருச்சு."

செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாக இருந்தது. ஸ்பிரிட்டில் மஞ்சள் கரையும், டி.என்.ஏ. கரையாது. ஐஸில் வைத்திருந்த மறுபாதிப் பொருக்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்கி ஊற்றினேன். முதல் தடவை ஸ்பிரிட்டு நல்ல மஞ்சள். மூன்றாவது தடவை வெளிறியது. ஆறாவது தடவை வெறும் தண்ணீர் போலிருந்தது, ஏழாவதும் கழுவினேன். கூடவே, சுகமான ஆட்டின் தோலில் கன்டீன் மஞ்சளையும், குணபால எங்கிருந்தோ கொண்டுவந்த வேப்பிலையையும் அரைத்துப் பூசி, உலரவிட்டு, அதையும் அதே மாதிரிக் கழுவினேன். மஞ்சள்தான் சிவந்தது என்றால் இனி அதுவும் சிவக்கக் கூடாது.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் புதிய தாள்களைச் சோடாக்காரத்தில் இறக்கினேன். டொக்டர் வந்து நின்றார். தன் சுண்ணாம்பால் என்ன பலன் என்று பார்க்கக் குணபாலவும் வந்து நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். எல்லாச் சொட்டும் வெள்ளை.

"கலியாணம் நின்றுவிட்டதா மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார் குணபால.

"நின்றுவிட்டது. இனித்தான் வேலை."

வாய்ச்சிரங்கு இழைத்துண்டை ஒரு தாளோடும், ஆட்டம்மை இழைத்துண்டை மற்றதோடும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, வெந்நீர்த் தொட்டியில் மறுநாள் காலை வரை விட்டேன். இந்தக் கட்டத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. துண்டு தானாகத் தன் சோடியைத் தேட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை தாள்களைக் கழுவி, நிறம் காட்டும் கரைசலில் வைத்தபோது மணி பத்தே முக்கால். பதினொன்று ஐந்துக்கு வாய்ச்சிரங்குத் தாளில் ஒரு மூலையில் மங்கலாக ஒன்று தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பதினொன்றே காலுக்குள் பதினான்கு பொட்டுகள், நாவற்பழம் நசுங்கினது போல. ஆட்டம்மைத் தாளில், சரிபார்ப்பதற்காக நாங்களே வைத்த அசல் ஆட்டம்மைச் சொட்டு மட்டும் நிறத்தோடு நின்றது. பதினாறு ஆட்டில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

டொக்டர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து இருபது நிமிடம் பார்த்தார்.

"பதினோராம் ஆடும் பதினாலாம் ஆடும் இரண்டு தாளிலும் வெள்ளை. ஏன்?"

"காய்ந்து விழப்போகிற பழைய பொருக்கு, சேர். படிவத்தில் எழுதியிருக்கிறேன். அதில் வைரஸ் குறைந்திருக்கும். ஆட்டம்மை என்றால் மற்றப் பதினாலும் இந்த அம்மைத் தாளில் வந்திருக்க வேண்டும்."

"மஞ்சள் பூசின சுகமான ஆடு?"

"வெள்ளை. இரண்டிலும்."

பேனாவைத் திறந்தார். "முட்டையிலும் ஏற்று," என்றார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "எனக்காக."

பன்னிரண்டு மணிக்குள் தந்தியை அனுப்பிவிட்டு டிரங்க் கோலும் பதிந்தேன். மழையில் எங்கோ கம்பி அறுந்திருந்ததால் இரண்டு இருபத்தைந்துக்குத்தான் கிடைத்தது. கணேசமூர்த்தியே எடுத்தார். நான் வாசித்தேன். வாய்ச்சிரங்கு. ஆட்டம்மை இல்லை.

"எழுத்தில வேணும், மிஸ்."

"தந்தி வந்துகொண்டிருக்கிறது. டொக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் இன்றைத் தபாலில். புண் ஆறும்வரை ஆடுகளைப் பிரிவுக்கு வெளியே விடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது."

"சரி." பிறகு, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றார். "அந்த அம்மா இங்கேதான். காலையில இருந்து ஒப்பீசு வாசல்லயே நிக்கிறாங்க."

"குடுங்க."

"ஹலோ! தங்கச்சி!" இந்தத் தடவை சரியான பக்கத்தைத்தான் காதில் வைத்திருந்தார்.

"வாய்ச்சிரங்குதான்க்கா. அம்மை இல்ல."

"ஆட்டுக்கா, எனக்கா?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் அதேதான்."

"சீ! ஆட்டு நோவா எனக்கு?" அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கம்பியில் தெரியவில்லை. "யாருகிட்டயும் சொல்லிராத."

"இவ்வளவு பேர் முன்னால கத்துறது நீங்கதான்க்கா."

ஒப்பீசில் பலர் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

முட்டை முடிவு ஜூலை நடுவில் வந்தது. அதே பதில். அதற்குள் ஆடுகளுக்கு வாய் ஆறி மயிரும் முளைத்துவிட்டது. படிவத்தில் "பூச்சு உண்டா, இல்லையா" என்ற வரியை நான் தட்டச்சில் மாற்றி, "என்ன பூசினீர்கள், எப்போது" என்று போட்டேன். யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்க வேண்டும் என்பதைப் படிவத்தில் எழுத இடமில்லை. அது என் பழக்கமாயிற்று.

அந்த மாதக் கடைசியில் மேற்பிரிவுக்குப் போனேன். நாகலெட்சுமியின் விரலில் ஒரு சிறு தழும்பு. பெட்டைக் குட்டி கூப்பிடாமலே வந்து என் கோட்டுப் பையை முகர்ந்தது.

"திருவிழா எப்படிக்கா?"

"ஆட்டத்தான் வெளிய விடாதன்னுட்டியே. இந்த வருசம் அம்மனுக்குப் பூசணிக்காதான். வாங்கிக்கிட்டா, ஒண்ணும் சொல்லல."

லயத்துக்குக் கீழே குழி திறந்தபடியே கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு கூடை சாய்த்து வைத்திருந்தது.

"இத இன்னும் மூடலையா?"

"மூடச் சொன்னாரு கண்டாக்கையா. வெட்டினது எங்க ஆளுங்க, மூடறதும் எங்க ஆளுங்களான்னு கேட்டோம். மூட மாட்டோம்னுட்டோம்." கூடையை எடுத்துக் கவிழ்த்தார். ஆட்டுப் புழுக்கை மொத்தமாக உள்ளே விழுந்தது. "அம்புட்டு வீட்டுப் புழுக்கையும் இதுலதான். எருவானதும் அடுத்த போகத்துக்கு லீக்ஸ் போடணும். ஒரு ஆள் ஆழம், தங்கச்சி. நெறையிறதுக்கு நாளாகும்."